லினக்ஸ் கர்னல் மேலாண்மைக் கருவிகள்: நிறுவுவது எளிது, திரும்பி வருவது?

லினக்ஸ் கணினியில் வன்பொருளையும் மற்ற மென்பொருள்களையும் இணைக்கும் அடிப்படை நிரல் கர்னல். வட்டில் எழுதுவது, வைஃபையை இயக்குவது, திரைக்குப் படம் அனுப்புவது, எந்தச் செயலிக்கு எவ்வளவு நினைவகம் என்று பிரித்துக் கொடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய இந்தக் கர்னலின் புதிய பதிப்பு இப்போது ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது. இடையில் பிழைத் திருத்தங்களுடன் சிறு பதிப்புகளும் வந்துகொண்டே இருக்கின்றன.

மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் லினக்ஸ் பயன்படுத்துபவர் இந்தப் பதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்து நிறுவவும், பழையதை நீக்கவும் பல கருவிகள் உள்ளன. உபுண்டு பயனர்களுக்கு உகூ, மெயின்லைன் ஆகியவை. லினக்ஸ் மின்டில் அப்டேட் மேனேஜரின் கர்னல் சாளரம். மஞ்சாரோவில் செட்டிங்ஸ் மேனேஜர். பெடோரா, ஓப்பன்சூசே, ஆர்ச் ஆகியவற்றில் பொதி மேலாளரே இந்த வேலையைச் செய்கிறது. இவற்றைப் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: எத்தனை சொடுக்கில் புதிய கர்னல் வந்து சேர்கிறது? இக்கட்டுரை வேறு கேள்வியைக் கேட்கிறது. புதிய கர்னல் சரியாக இயங்காத நாளில், நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய நிலைக்குத் திரும்ப அந்தக் கருவி என்ன வழி வைத்திருக்கிறது? ஒரு செயலி கெட்டால் அதை மட்டும் நீக்கிவிடலாம். கர்னல் கெட்டால், நீக்கும் கருவியைத் திறப்பதற்கே திரை வராமல் போகலாம்.

புதிய கர்னல் ஏன் தேவைப்படுகிறது?

தேவையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் கர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே புதிய வன்பொருள் வாங்கியவருக்குப் புதிய கர்னல் கட்டாயமாகலாம். இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் வரைகலை அட்டைகள் நல்ல எடுத்துக்காட்டு. ஏ750, ஏ770 அட்டைகள் 2022 அக்டோபரில் விற்பனைக்கு வந்தன. சோதனை நிலை என்ற அடையாளம் நீங்கி, அவற்றுக்கான ஆதரவு இயல்பாகவே கிடைத்தது 2023 பிப்ரவரியில் வெளியான 6.2 கர்னலில். உபுண்டு 22.04 வந்தபோது இருந்தது 5.15 கர்னல். புதிய வன்பொருளுக்காக உபுண்டு தன் நீண்டகாலப் பதிப்புகளுக்குப் பின்னர் வழங்கும் கர்னல் வரிசை வழியாக 6.2 அதிகாரபூர்வமாக வந்து சேர்ந்தது 2023 ஆகஸ்டில், 22.04.3 வெளியீட்டுடன். இடைப்பட்ட ஆறு மாதம் அந்த அட்டையை வாங்கியவர் என்ன செய்வார்? கர்னலை வெளியிலிருந்து கொண்டுவரும் கருவியைத் தேடத்தான் செய்வார். அந்தத் தேவை உண்மையானது.

ஆனால் இக்கருவிகளைப் பயன்படுத்தும் எல்லோரும் அந்த நிலையில் இருப்பவர்கள் அல்லர். கணினி நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே, பட்டியலில் பெரிய எண் தெரிகிறது என்பதற்காக அதை நிறுவுபவர்களும் பலர். கருவியின் வடிவமைப்பு இந்த ஆசையைத் தூண்டுகிறதா, நிதானப்படுத்துகிறதா என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

பெரிய எண் என்றால் நல்ல கர்னலா?

2022 செப்டம்பர் இறுதியில் 5.19.12 என்ற சிறு பதிப்பு வெளியான சில நாட்களில், இன்டெல் வரைகலை கொண்ட சில மடிக்கணினிகளில் திரை வெள்ளையாக மின்னத் தொடங்கியது. திரைக்கு மின்சாரம் கொடுக்கும் கால இடைவெளி தவறாகக் கணக்கிடப்பட்டதே காரணம். திரையே பழுதாகக்கூடும், இந்தப் பதிப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று கர்னல் வரைகலைப் பிரிவினர் எச்சரித்தனர். அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்று 5.19.13 வந்தது. இது சோதனைப் பதிப்பல்ல. நிலையான வரிசையில் வந்த வழக்கமான திருத்தம்.

சோதனைப் பதிப்புகளின் நிலை இன்னும் கடினம். 2021 மார்ச்சில் 5.12 கர்னலின் முதல் சோதனைப் பதிப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று டோர்வால்ட்ஸே அறிவித்து, அதன் குறிச்சொல்லிலேயே அந்த எச்சரிக்கையைச் சேர்த்தார். இடமாற்று நினைவகத்தைத் தனிப் பகிர்வாக வைக்காமல் கோப்பாக வைத்திருக்கும் கணினிகளில், கர்னல் அந்தக் கோப்புக்கு வெளியே தவறான இடத்தில் எழுதியது. பயனரின் மற்ற கோப்புகள் அழியக்கூடிய நிலை. உபுண்டு மேசைக் கணினிப் பதிப்பு 17.04 முதல் இயல்பாகவே இடமாற்றுக் கோப்பைத்தான் பயன்படுத்துகிறது. அதாவது, கருவியின் பட்டியலில் தெரிந்த சோதனைப் பதிப்பை ஆர்வத்தில் நிறுவக்கூடிய சாதாரணப் பயனரே அந்தப் பிழைக்கு முதல் பலியாகக்கூடியவர்.

நீண்டகால ஆதரவு வரிசையும் முழுக் கவசமல்ல. 2023 டிசம்பரில் 6.1.64 பதிப்பில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் தரவைச் சிதைக்கக்கூடிய பிழை கண்டுபிடிக்கப்பட்டது. டெபியன் 12.3 வெளியீடு அதனால் நிறுத்திவைக்கப்பட்டு, திருத்தத்துடன் 12.4 டிசம்பர் 10 அன்று வந்தது. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. டெபியன் என்ற அமைப்பு நடுவில் நின்று பிழையைக் கவனித்தது, வெளியீட்டை நிறுத்தியது, மாற்றுக் கர்னலைத் தன் களஞ்சியம் வழியாகவே அனைவருக்கும் அனுப்பியது. கர்னலை வெளியிலிருந்து தானே எடுத்து நிறுவியவருக்கு அந்த நடுவர் கிடையாது. அவரேதான் நடுவர்.

உகூ, மெயின்லைன்

உபுண்டு கர்னல் அப்டேட் யுட்டிலிட்டி என்பதன் சுருக்கமே உகூ. டைம்ஷிப்ட் கருவியையும் எழுதிய டோனி ஜார்ஜ் இதை உருவாக்கினார். 2019இல் இது கட்டண மென்பொருளானது. அதற்கு முந்தைய கட்டற்ற பதிப்பின் மூல நிரலிலிருந்து கிளைத்ததே மெயின்லைன். இரண்டின் வேலையும் ஒன்றே: உபுண்டு கர்னல் குழு தொகுத்து வைக்கும் மெயின்லைன் கர்னல்களைப் பட்டியலிட்டு, பொதிகளைப் பதிவிறக்கி, நிறுவித் தருவது. நான்கைந்து கோப்புகளைக் கையால் தேடி இறக்கி முனையத்தில் நிறுவ வேண்டிய வேலையை ஒரு சாளரத்துக்குள் கொண்டுவந்தது இவற்றின் சாதனை. சோதனைப் பதிப்புகளை மறைக்கும் விருப்பமும் மெயின்லைனில் இருக்கிறது.

குறை எங்கே என்றால், சாளரம் சொல்லாமல் விடும் செய்திகளில். உபுண்டு இந்தத் தொகுப்புகளை வைத்திருப்பது பிழை கண்டறிவதற்காக. ஒரு கோளாறு உபுண்டு சேர்த்த மாற்றத்தால் வந்ததா, மூலக் கர்னலிலேயே உள்ளதா என்று சோதித்துப் பார்ப்பதே நோக்கம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆதரவு கிடையாது என்று உபுண்டு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. உபுண்டு தன் கர்னலில் சேர்க்கும் மாற்றங்கள் இவற்றில் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கமான கணினி மேம்படுத்தலுடன் வந்து சேர்வதும் இல்லை. பயனர் இன்று நிறுவிய கர்னல், அவர் மறுபடி இந்தக் கருவியைத் திறந்து புதியதை நிறுவும்வரை அப்படியே நிற்கும். நிலையான வரிசை ஒன்று, அடுத்த வரிசை வந்த சில வாரங்களில் ஆதரவை இழந்துவிடும். புதிய கர்னலே பாதுகாப்பானது என்று நம்பி நிறுவியவர், ஆறு மாதம் கழித்துத் திருத்தமே வராத கர்னலில் இருப்பார். பட்டியலில் அந்தப் பதிப்பின் அருகில் இந்தச் செய்தி இருந்தால் தேர்வே மாறியிருக்கும்.

இரண்டாவது சிக்கல் கையொப்பம். செக்யூர் பூட் இயக்கத்தில் உள்ள கணினி, நம்பிக்கையான சாவியால் கையொப்பமிடப்பட்ட கர்னலை மட்டுமே துவக்கும். உபுண்டுவின் வழக்கமான கர்னலில் அந்தக் கையொப்பம் உண்டு; மெயின்லைன் தொகுப்புகளில் இல்லை. நிறுவல் வெற்றி என்று கருவி சொல்லும். மறுதுவக்கத்தில் கையொப்பம் தவறு என்று துவக்க நிரல் மறுக்கும். பலர் அப்போது செய்வது செக்யூர் பூட்டையே அணைப்பது. ஒரு பாதுகாப்பை விட்டுக்கொடுத்துத்தான் புதிய கர்னலைப் பெறுகிறோம் என்பதை நிறுவும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது, வெளியிலிருந்து வரும் மாட்யூல்கள். என்விடியா இயக்கி, விர்ச்சுவல்பாக்ஸ், சில பிராட்காம் வைஃபை இயக்கிகள் போன்றவை கர்னலுக்கு வெளியே இருப்பவை. டெல் நிறுவனத்தின் லினக்ஸ் பொறியாளர்கள் உருவாக்கிய டிகேஎம்எஸ் என்ற அமைப்பு, ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் இவற்றைத் தானாக மறுபடி தொகுக்கிறது. அதற்குக் கர்னலின் தலைப்புக் கோப்புப் பொதி தேவை. 2021 இறுதியிலிருந்து வந்த மெயின்லைன் தலைப்புப் பொதிகள் சி நூலகத்தின் 2.34 பதிப்பைக் கேட்டன, உபுண்டு 20.04இல் இருந்ததோ 2.31. கர்னல் நிறுவப்பட்டுவிடும், தலைப்புப் பொதி நிறுவப்படாது, டிகேஎம்எஸ் தொகுக்க முடியாது, என்விடியா அட்டை வைத்திருப்பவருக்குத் திரை வராது. உபுண்டுவின் பொதி மேலாளர் இந்த முரண்பாட்டை அறிவிக்கத்தான் செய்கிறது. ஆனால் பொதி மேலாளரின் மொழி தெரியாதவருக்காகவே வரைகலைக் கருவி எழுதப்படுகிறது. நிறுவும் முன்பே இதைச் சோதித்து, இந்தக் கர்னலில் உங்கள் வரைகலை இயக்கி இயங்காது என்று சொல்வதுதான் அதன் கடமை.

லினக்ஸ் மின்ட்

மின்டின் கர்னல் சாளரம் இதற்கு நேரெதிர். அது உபுண்டுவின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் உள்ள கர்னல்களை மட்டுமே காட்டுகிறது. ஆகவே கையொப்பச் சிக்கலும் தலைப்புப் பொதிச் சிக்கலும் பெரும்பாலும் எழுவதில்லை. சாளரம் திறக்கும் முன் ஓர் எச்சரிக்கை வருகிறது: கர்னல் மாற்றத்தால் இணைய இணைப்போ ஒலியோ போகலாம், கணினி துவங்காமலும் போகலாம், மீட்கத் தெரிந்தவர்கள் மட்டும் தொடரவும் என்ற பொருளில். அதன்பின் ஒவ்வொரு வரிசைக்கும் எதுவரை ஆதரவு என்ற விவரமும், தற்போது இயங்கும் கர்னல் எது என்பதும் தெரிகின்றன. மெயின்லைனில் இல்லாத அந்த ஒற்றைத் தகவல், எதுவரை என்பது, இங்கே இருக்கிறது.

பழைய கர்னல்களைத் தானாக நீக்கும் வசதியும் உண்டு. குறைந்தது ஒரு பழைய கர்னலை அது விட்டுவைக்கும். பயனர் தானே தேர்ந்து நிறுவியதைத் தொடாது. இது கவனமான முடிவு. ஏனெனில் பழைய கர்னல்களை நீக்காமலே விடுவதும் ஆபத்துதான். வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து நிறுவிய கணினிகளில் துவக்கக் கோப்புகளுக்குச் சிறிய தனிப் பகிர்வு ஒதுக்கப்படுகிறது. கர்னல்கள் சேரச் சேர அது நிரம்பும். இடம் போதாமல் பாதியில் நின்ற துவக்கக் கோப்புடன் மறுதுவக்கம் செய்தால் கணினி எழாது. நீக்குவதும் நிறுவுவதைப் போலவே கவனம் கேட்கும் வேலை.

மின்டின் குறை, எச்சரிக்கையோடு அது நின்றுவிடுவது. மீட்கத் தெரிந்தவர்கள் தொடரவும் என்கிறது. எப்படி மீட்பது என்பதை அதே இடத்தில் கற்றுத்தரவில்லை. மின்ட் 19 முதல் டைம்ஷிப்ட் மூலம் கணினியின் நிலையைச் சேமித்து வைக்கும்படி பயனருக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. 2022இல் டைம்ஷிப்டின் பராமரிப்பையே மின்ட் குழு ஏற்றுக்கொண்டது. அப்படியிருக்க, கர்னலை நிறுவு என்ற பொத்தானை அழுத்தும்போது, முதலில் தற்போதைய நிலையைச் சேமிக்கட்டுமா என்று கேட்பது இயல்பான அடுத்த படி. இரண்டு கருவிகளும் ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொள்வதில்லை.

மஞ்சாரோ

மஞ்சாரோவின் செட்டிங்ஸ் மேனேஜர் ஒவ்வொரு கர்னல் வரிசையையும் தனிப் பொதியாகக் காட்டுகிறது. 6.6 ஒரு பொதி, 6.12 இன்னொரு பொதி. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். நீண்டகால ஆதரவு உள்ளது, பரிந்துரைக்கப்படுவது, ஆதரவு முடிந்தது என்று அடையாளங்கள் இருக்கின்றன. இயங்கிக்கொண்டிருக்கும் கர்னலை நீக்க விடாது. புதிய கர்னலை நிறுவும்போது அதற்குரிய என்விடியா போன்ற மாட்யூல்களையும் சேர்த்தே நிறுவுகிறது. மெயின்லைனின் மூன்றாவது சிக்கலுக்கு இதுவே சரியான விடை: கர்னலைத் தனிப் பொருளாகப் பார்க்காமல், அதோடு சேர்ந்து இயங்க வேண்டியவற்றையும் ஒரே தொகுதியாகப் பார்ப்பது.

ஆனால் ஆதரவு முடிந்த வரிசையை மஞ்சாரோ களஞ்சியத்திலிருந்து எடுத்துவிடும். அதிலேயே தங்கிவிட்ட பயனரின் மற்ற பொதிகள் மேம்பட்டுக்கொண்டே போக, கர்னலும் அதன் மாட்யூல்களும் நின்ற இடத்தில் நிற்கும். ஒருநாள் இரண்டும் பொருந்தாமல் போகும். ஆதரவு முடிந்ததை அறிவிப்பாகக் காட்டும் வசதி உண்டு. அறிவிப்பைப் பலர் மூடிவிட்டு நகர்வார்கள் என்பதை வடிவமைப்பு கணக்கில் எடுக்க வேண்டும். அடுத்த நீண்டகால வரிசையை முன்கூட்டியே பக்கத்தில் நிறுவிவைக்கட்டுமா என்று கேட்டால் போதும்.

சாளரம் இல்லாத மேலாண்மை

பெடோராவில் கர்னலுக்கென்று வரைகலைச் சாளரம் இல்லை. புதிய கர்னல் வந்தால் பொதி மேலாளர் பழையதன் மேல் எழுதாமல் பக்கத்தில் நிறுவுகிறது. மொத்தம் மூன்று வைத்துக்கொண்டு, நான்காவது வரும்போது மிகப் பழையதை நீக்குகிறது. இதைவிடக் கவனிக்க வேண்டியது 2018இல் பெடோரா 29 கொண்டுவந்த ஏற்பாடு. கணினியில் பெடோரா மட்டுமே இருந்தால் துவக்கப் பட்டி மறைந்தே இருக்கும். ஆனால் முந்தைய துவக்கம் தோல்வி என்றால் அடுத்த முறை பட்டி தானாகவே தோன்றும். வெற்றி என்று எப்போது எழுதப்படுகிறது? பயனர் உள்நுழைந்து இரண்டு நிமிடம் கடந்த பிறகுதான். கர்னல் எழுந்தும் திரை வராவிட்டால் அது தோல்வியாகவே கொள்ளப்படும். பயனரின் பார்வையில் எது வெற்றியோ, அதையே அளவாக எடுத்துக்கொண்ட நல்ல வடிவமைப்பு இது.

ஓப்பன்சூசே இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. புதியது, அதற்கு முந்தையது, இப்போது இயங்குவது ஆகிய கர்னல்களை அது காத்து வைக்கிறது. பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இயல்பான அமைப்புடன் நிறுவியிருந்தால், பொதி மேலாளர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஸ்னாப்பர் கருவி கணினியின் நிலையைப் பதிவு செய்கிறது. துவக்கப் பட்டியிலேயே பழைய பதிவைத் தேர்ந்து கணினியை எழுப்பி, அதையே நிரந்தரமாக்கலாம். கர்னல் மட்டுமல்ல, அதோடு மாறிய இயக்கிகளும் சேர்ந்தே திரும்புகின்றன.

ஆர்ச் இதற்கு மறுமுனை. அங்கே வழக்கமான கர்னல் பொதி மேம்படும்போது பழையது முழுவதும் நீங்கிவிடுகிறது. இயங்கிக்கொண்டிருக்கும் கர்னலின் மாட்யூல்களும் வட்டிலிருந்து போய்விடுவதால், மறுதுவக்கம் செய்யும்வரை புதிதாகச் செருகும் யுஎஸ்பி சாதனம் கூட அடையாளம் காணப்படாமல் போகலாம். நீண்டகாலக் கர்னலையும் பக்கத்தில் நிறுவிவைத்துக்கொள்வது நல்ல தற்காப்பு. ஆனால் அது பயனரின் முன்யோசனை; கருவியின் ஏற்பாடு அல்ல.

மதிப்பீடு

சாளரம் அழகாக இருப்பதால் மேலாண்மை நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. பெடோராவிலும் ஓப்பன்சூசேயிலும் கர்னலுக்கெனச் சொடுக்கும் பட்டியல் ஒன்றும் முன்வந்து நிற்பதில்லை. ஆனால் திரும்பும் வழி வலுவாக இருக்கிறது. மெயின்லைனில் பட்டியல் மிக வசதியானது. திரும்பும் வழியைப் பயனரே அமைத்துக்கொள்ள வேண்டும். மின்ட், மஞ்சாரோ இரண்டும் நடுவில் நிற்கின்றன. மின்ட் எதுவரை ஆதரவு என்பதைச் சொல்கிறது, மஞ்சாரோ எவை சேர்ந்து இயங்க வேண்டும் என்பதைக் கவனிக்கிறது. இந்த இரண்டையும் பெடோராவின் துவக்கச் சோதனையோடு இணைத்த கருவி ஒன்று வந்தால், அதை எந்தப் புதுப் பயனருக்கும் தயங்காமல் கொடுக்கலாம்.

அதுவரை பயனர் கையில் இருப்பவை எளிய வழக்கங்கள். வழங்கல் தரும் கர்னலில் வன்பொருள் ஒழுங்காக இயங்கினால் வெளியிலிருந்து கர்னல் கொண்டுவரத் தேவையில்லை. இயங்காவிட்டால், முதலில் வழங்கலின் சொந்த வழியைப் பார்க்கலாம்: உபுண்டுவின் புதிய வன்பொருள் கர்னல் வரிசை, டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியம். அங்கும் கிடைக்காதபோதுதான் மெயின்லைன் போன்ற கருவி. அப்போதும் வழங்கலின் கர்னலை நீக்காமல் வைத்திருக்க வேண்டும். வழங்கலின் கர்னல் அந்த வன்பொருளை ஆதரிக்கத் தொடங்கியதும் அதற்கே திரும்ப வேண்டும். துவக்கப் பட்டியை வரவழைப்பது எப்படி என்று நல்ல நாளிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்வதும் அவசியம். பழைய பயாஸ் கணினியில் ஷிப்ட் விசை, புதிய யுஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப் விசை. அங்கே மேம்பட்ட விருப்பங்கள் என்ற பிரிவில் பழைய கர்னல்கள் வரிசையாக இருக்கும்.

இவை எதுவும் தரவுக்குக் காப்பு அல்ல. பழைய கர்னலுக்குத் திரும்பினால் கணினி எழும், 6.1.64இல் நேர்ந்ததைப் போன்ற பிழை சிதைத்த கோப்பு திரும்பாது. டைம்ஷிப்டும் இயல்பான அமைப்பில் பயனரின் சொந்தக் கோப்புகளைச் சேமிப்பதில்லை. கர்னலை மாற்றும் முன் வீட்டுக் கோப்புறையின் நகல் வேறொரு வட்டில் இருக்க வேண்டும். ஒரு நல்ல கர்னல் கருவி, நிறுவு என்ற பொத்தானுக்கு மேலே இதையும் ஒரு வரியில் எழுதியிருக்கும்.